'பாதிப்பு இல்லை' என்று எழுதிய பலகை

எங்கள் கடற்கரைப் பலகையில் பொய் எழுதி வைத்தவர் நீங்கள்தான், சார். தெரியாமல் எழுதியிருந்தால் மன்னிக்கலாம். நேரில் வந்து சொன்ன பிறகும் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் பொய் என்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். காரைக்காலை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் பால்வாடி டீச்சராக இருபத்தைந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். பிறந்தது திருநள்ளாறு பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். கட்டிக்கொடுத்தது தருமபுரத்தில். கடலில் காலை நனைத்ததோடு சரி, எனக்கு நீந்தத் தெரியாது. அழகாக எழுதவும் தெரியாது. வருகைப் பதிவேடும் எடைப் பதிவேடும்தான் எழுதிப் பழக்கம்.

கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று அலுவலர் ஒருவர் தலைமையில் வேலை நடக்கிறது. அவரைத்தான் சார் என்கிறேன். நடைபாதை, பெஞ்சு, விளக்கு எல்லாம் வந்துவிட்டன. கூடவே ஒரு பெரிய பலகை. 'இரு நிலநடுக்கங்கள்: ஓர் ஒப்பீடு' என்று தலைப்பு. இடது பக்கம் 2004 டிசம்பர் 26. வலது பக்கம் 2012 ஏப்ரல் 11. காரணம் என்ற வரிசையில் இரண்டு கட்டத்திலும் ஒரே வாசகம்: 'கடலடி நிலநடுக்கம்.' விளைவு என்ற வரிசையில் இடது பக்கம் நிறைய எழுதியிருக்கிறது. வலது பக்கம் இரண்டே சொல்: 'பாதிப்பு இல்லை.'

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். தினமும் வயிறு எரிகிறது.

இடது பக்கத்தைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பால்வாடி விடுமுறை. அதனால்தான் உயிரோடு இருக்கிறேன், வேறு காரணம் கிடையாது. காலை ஆறரை மணி இருக்கும். தருமபுரம் வீட்டில் அடுப்படி அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. எலி என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்தேன். எலி இல்லை. விளக்குமாற்றை மூலையில் போட்டுவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டேன். பூமி ஆடியதற்கு நான் செய்த மொத்தக் காரியம் அவ்வளவுதான். அப்போதிருந்து கடல் வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த இரண்டரை மணி நேரமும் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் போனபோது பழைய பால்வாடிக் கட்டடம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. பதிவேடு வீட்டில் என் பையில் இருந்தது. அதில் எந்தெந்தப் பெயருக்கு நேரே இனி டிக் போட வேண்டாம் என்பதை அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு வாசலாகப் போய்த் தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். கடலை ஒட்டியே இருந்த என் வீட்டுக்காரரின் நிலத்தில் சம்பா கதிர் முற்றி நின்றது. உப்புத் தண்ணீர் ஏறி எல்லாம் வெளுத்துப் போனது. பிறகு வெகு நாள் அந்த மண் நாக்கில் வைத்தால் கரித்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மண்டபத்தில் உட்காரவைத்து, வெளிநாட்டுக் கடற்கரைப் படங்கள் போட்டுக் காட்டினார்கள். கடல் பின்னால் போகிறது, மீன்கள் துள்ளுகின்றன, ஆட்கள் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள், அலை வருகிறது. அந்தப் பயிற்சியில் ஒரு சொல்லை மண்டையில் ஏற்றினார்கள்: உள்வாங்குதல். கடல் உள்வாங்கினால் ஓடுங்கள். நான் அதைப் பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பாடினார்கள். குப்பம் முழுக்க அந்தச் சொல் ஊறிப்போனது.

இப்போது வலது பக்கக் கட்டத்துக்கு வருகிறேன்.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. புதுப் பால்வாடியைக் கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு சந்தின் நடுவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சந்து கடற்கரையில் தொடங்கி நேரே மேற்கே போகும். வாய்க்கால் மதகைத் தாண்டினால் பெரிய ரோடு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லை. நின்றுபோன காற்றாடியில் கட்டியிருந்த காகிதப் பூக்கள் ஆட ஆரம்பித்தன.

எங்கள் ஆயா சட்டி கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். பால்வாடியில் சமைக்கிற அம்மாவைத்தான் ஆயா என்கிறோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அதே குப்பத்துக்காரர். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"டீச்சரு, எனக்கு மட்டும் தல சுத்துதா?"

"எனக்கும் சுத்துதுக்கா."

"ரெண்டு பேருக்கும் சேந்து சுத்துனா அது தல இல்ல, தர."

இந்த முறை எலி என்று நினைக்கவில்லை. பத்து நிமிடத்தில் எல்லார் போனும் அடித்தது. கரண்ட் வந்ததும் டிவியில் எச்சரிக்கை ஓடியது. எச்சரிக்கை வந்தது, நேரம் இருந்தது, வழி இருந்தது. மூன்றும் இருந்தும் நான் கிளம்பவில்லை. அதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

ஏன் கிளம்பவில்லை? கடல் உள்வாங்கவில்லை. அவ்வளவுதான் காரணம். குப்பத்து ஆம்பிளைகள் எல்லாம் கரையில் போய் நின்றுகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்வாங்கட்டும், ஓடலாம் என்றார்கள். ஓடச் சொல்லும் அறிவிப்பு ஒலிபெருக்கியில் ஊரைச் சுற்றியது. அதைக் கேட்டுக்கொண்டே கடலைப் பார்த்தார்கள். அறிவிப்பு யாரோ சொல்வது, உள்வாங்குவது கடலே சொல்வது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. கடல் சொல்லட்டும் என்று நின்றோம்.

சில தாய்மார்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் மீன் விற்க டவுனுக்குப் போயிருந்தார்கள். நாலு மணிக்கு என்னிடம் பதினொரு பிள்ளைகள் மிச்சம். அப்போது நான் ஆயாவிடம் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"அக்கா, ஒரு எட்டு போயி கடல் உள்வாங்குதான்னு பாத்துட்டு வாங்க."

"நீங்க சொல்லிக்குடுத்த பாட்டாச்சே. பாத்துட்டு வரேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் கரைக்குப் போய்ச் சேர்ந்த சமயம் தரை இரண்டாவது முறை ஆடியது. நாலேகால் இருக்கும். அங்கே என்ன நடந்ததென்று ஆயா சொல்லித்தான் தெரியும். ஒரு அலை வந்து திரும்பியது. எப்போதும் திரும்புகிற அலைதான். யாரோ ஒருவர் "உள்வாங்குதுடா!" என்று கத்திவிட்டார். இரண்டு மணி நேரமாக அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் திரும்பி ஓடினார்கள். ஓடியது எங்கள் சந்துக்குள். சந்தில் இரண்டு பேர் கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். ஓரத்தில் எப்போதும் போல வலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது முறை ஆடியதுமே நான், பால்வாடியில் தூளிக்கு வைத்திருந்த பழைய சேலை ஒன்றை நீளமாகப் பிரித்து, அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பதினொரு பேரையும் வெளியே கொண்டுவந்தேன். இரண்டு சின்னதுகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். கூட்டத்துக்கு நாலடி முன்னால் மதகைத் தாண்டினோம். பெரிய ரோட்டில் நின்று எண்ணினேன். பதினொன்று. ஆயா இல்லை.

சந்தில் வலைக்குள் கால் சிக்கி விழுந்து கிடந்தார். அவர் மேல் எத்தனை பேர் ஏறிப் போனார்கள் என்று அவருக்கே தெரியாது. இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. சாயங்காலம் எச்சரிக்கையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். கடல் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர், "பொய் சுனாமிக்குப் போயி இடுப்ப ஒடிச்சிக்கிட்டுது பாவம்" என்றார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் குப்பத்தில் அந்த நாளுக்குப் பெயர் பொய் சுனாமி.

எனக்கு அந்தப் பெயர் பொறுக்கவில்லை. பூமி ஆடியதை நான் என் காலால் உணர்ந்தேன். அது எப்படிப் பொய்யாகும்? அப்புறம் ஏன் கடல் வரவில்லை? மகளின் காலேஜ் புத்தகத்தை எடுத்தேன். புரியாததை நூலகத்தில் போய்ப் படித்தேன். மூன்று முறை படித்துத்தான் விளங்கியது. விளங்கியதும் முதலில் என்னைத்தான் அறைந்துகொள்ளத் தோன்றியது.

2004இல் சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் ஒரு பாறைத் தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு நுழைந்துகொண்டிருந்த இடத்தில், வெகு காலமாகச் சிக்கி மடங்கியிருந்த மேல்தட்டின் விளிம்பு விடுபட்டு மேலே துள்ளியது. கடலின் தரை நிமிர்ந்தது. மேலே நின்ற தண்ணீர் முழுவதும் தூக்கி எறியப்பட்டது. 2012இல் நடந்தது அதற்கு மேற்கே, தட்டுகள் சந்திக்கிற விளிம்பை விட்டுத் தள்ளி. அங்கே ஒரே தட்டு பிளந்து, இரண்டு பாதியும் பக்கவாட்டில் வழுக்கின. தரை எழும்பவில்லை, நகர்ந்தது. அதனால் தண்ணீர் பெரிதாக எழவில்லை. அதுவும் சின்ன நிலநடுக்கம் கிடையாது. எட்டரையைத் தாண்டியது. அடுத்தது எது மாதிரி இருக்கும் என்று காலுக்குக் கீழே தரை ஆடும்போது நமக்குத் தெரியாது. எழும்புகிறதா வழுக்குகிறதா என்று தரை சொல்லாது. அதனால் ஆடினால் கிளம்ப வேண்டும், எச்சரிக்கை வந்தால் கிளம்ப வேண்டும். வேறு கணக்கே இல்லை.

இன்னொன்றும் படித்தேன். 2004இல் துள்ளிய தரையின் கிழக்குப் பக்கம் தாழ்ந்தது, மேற்குப் பக்கம் உயர்ந்தது. கிழக்கே இருந்த நாடுகளில் கடல் முதலில் பின்வாங்கியது. மேற்கே இருப்பது நாம். நமக்கு முதலில் வந்தது ஏற்றம். இதைக் குப்பத்தில் அன்று கரையில் இருந்து தப்பிய ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"எங்க டீச்சரு மொத உள்வாங்குச்சு? மொத ஏறுச்சு. வாசப்படி வரைக்கும் ஏறுச்சு. அப்பறந்தான் போச்சு. போனதப் பாக்கப் போனவங்களத்தான் அடுத்தது அடிச்சுட்டுப் போயிடுச்சு."

"இத ஏங்க இத்தன வருஷமா யாருகிட்டயும் சொல்லல?"

"நீங்கதான் புள்ளைவோளுக்குப் பாட்டு சொல்லிக்குடுத்தீங்க. படிச்சவங்க சொல்றது சரியா இருக்கும்னு இருந்துட்டோம்."

வேறு கடற்கரையின் பாடத்தை எங்கள் கடற்கரைக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடத்தை நம்பித்தான் ஆயாவை அனுப்பினேன். அவர் இடுப்புக்குப் பாதிக் காரணம் நான். இதை அவரிடமே சொன்னேன். "மீதிப் பாதிய வல போட்டு வச்சவன்கிட்ட வாங்கிக்கிறேன், போங்க டீச்சரு" என்றார். பாட்டை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் இப்போது எங்கள் பால்வாடியில் புதன்கிழமை தோறும் ஓட்டம். விசில் அடித்தால் சேலையைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாக மதகு வரை. சந்தில் வலை குவித்தால் நான் போய்ச் சண்டை போடுவேன். இப்போது குவிப்பதில்லை.

இப்படி இருக்கையில்தான் சார், போன மாசம் அளவு நாடாவோடு உங்கள் ஆட்கள் வந்தார்கள். சந்தின் மேற்குப் பக்கம் வண்டி நிறுத்தும் இடம் வருகிறது, குறுக்கே சுவர் என்றார்கள். மதகுக்குப் போகும் வழி அடைபடும். குப்பத்துக் கோயில் வாசலில் கூட்டம் போட்டு நீங்களே வந்து பேசினீர்கள். நான் ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "டீச்சரு பேசினோட வந்துருக்கு, சாருக்கு மீன் கழுவிக் குடுக்கப் போவுது" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

பேசினின் அடியில் முஷ்டியால் ஓங்கி மேலே குத்தினேன். தண்ணீர் எகிறி உங்கள் மேசைக் காகிதத்தில் விழுந்தது. பிறகு அடியில் உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் தேய்த்தேன். தண்ணீர் லேசாக நடுங்கியது. "மொதல்ல செஞ்சது இடது கட்டம் சார். ரெண்டாவது வலது கட்டம். ரெண்டுக்கும் ஒரே காரணத்த எழுதியிருக்கீங்க" என்றேன்.

"சரிம்மா, மாத்திக்கலாம். அதுக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்?"

"பாதிப்பு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் சம்பந்தம்."

"அன்னிக்கு அலையே வரல. இல்லாதத இருக்குன்னு எழுதச் சொல்றீங்களா?"

"எங்க ஆயாவுக்கு இடுப்பு ஒடிஞ்சிச்சு சார்."

"அது அவங்க விழுந்தது. நிலநடுக்கத்துல சேராது."

ஆயா கைத்தடியை ஊன்றி எழுந்தார். "நான் கெணத்துலயா விழுந்தேன் சார்? ஒங்க ரெண்டாவது கட்டத்துலதான் விழுந்தேன்."

இந்த முறை சிரிப்பு உங்கள் பக்கம் இல்லை. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "பாருங்க, ஒரு தடவ உண்மையா வந்துச்சு. அடுத்த தடவ ஒண்ணும் ஆவல. எப்பவோ வரப்போறதுக்கு ஒரு சந்த வச்சுக்கிட்டு இருக்க முடியுமா? அதான் கடற்கரை ரோடு இருக்கே."

"அந்த ரோடு மொதல்ல கடலுக்குப் போவுது சார். அப்பறந்தான் ஊருக்குப் போவுது."

"எழுதிக் குடுங்கம்மா, பாப்போம்."

எழுதிக் கொடுத்தேன். மனு பரிசீலனையில் இருப்பதாக ஒரு வரிப் பதில் வந்தது. அதே வாரம் சுவருக்குக் கடைக்கால் தோண்டிவிட்டார்கள்.

உங்கள் ரோட்டு வழியிலும் பிள்ளைகளை நடத்திப் பார்த்தேன். சந்து வழி மதகுக்கு ஏழு நிமிடம். ரோட்டு வழி இருபத்தொரு நிமிடம். அதில் முதல் ஆறு நிமிடம் கடலைப் பார்த்தபடி நடக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வழியில் உட்கார்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு நடந்தேன். இது வெயில் நாளில், யாரும் ஓடாதபோது. குப்பமே அந்த ரோட்டில் முட்டினால் எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

2012இல் பாதிப்பே இல்லை என்கிறீர்கள். ஆயாவின் இடுப்பு ஒன்று. அதைவிடப் பெரியது, எச்சரிக்கை வந்தாலும் இனி ஓட வேண்டாம் என்று ஒரு கடற்கரையே கற்றுக்கொண்டது. பொய் சுனாமி என்ற அந்தப் பெயரைக் குப்பத்துக்காரர் வாயால் சொன்னார். நீங்கள் அதையே பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். இப்போது அதை வைத்து வழியையும் அடைக்கிறீர்கள்.

சுவர் வேலை ஆரம்பித்த நாளிலிருந்து புதன்கிழமை மட்டும் நடத்திய ஓட்டத்தைத் தினமும் நடத்துகிறேன். கடைக்கால் பள்ளத்துக்கு மேல் பலகை போட்டு, பதினாறு பிள்ளைகளும் சேலையைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோம். ஆயா மதகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணுகிறார். கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டு வழி விடுகிறார்கள். செங்கல் ஒரு வரி ஏறினால் தூக்கித் தாண்டவைப்போம். இடுப்பளவு ஏறினால் ஏணி வைப்போம். ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருக்கிறது. ஒரு நாள்கூட நிறுத்த மாட்டேன்.

டிசம்பர் 26 வருகிறது. வழக்கம்போல மலர்வளையத்தோடு வருவீர்கள். மைக் இருக்கும், குப்பம் முழுக்க இருக்கும், நானும் பதினாறு பிள்ளைகளோடு பலகைக்குப் பக்கத்தில் நிற்பேன். மலர்வளையத்தை வைப்பதற்கு முன்னால் அந்த மைக்கில், எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரே ஒரு பதில் சொல்லுங்கள் சார்: தரை ஆடினால் இந்தப் பதினாறு பேரை நான் எந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போவது?